முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர்

தண்டாயுதபாணி முதலாளியின் சிவப்புக் கார் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது ஒரே ஓர் இடத்தில்தான் கொதிக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும் அடிவாரத்தில் கொதிக்காது. மூச்சு முட்டும் ஏற்றங்களில் கொதிக்காது. பாதி மலை ஏறி, காற்று சிலுசிலுவென்று அடிக்கும் நாவல்மரத்து வளைவுக்கு வந்ததும், கந்தம்மாளின் டீக்கடைக்கு நேர் எதிரே, சொல்லி வைத்ததுபோல் கொதித்துவிடும்.

டிரைவர் குழந்தைவேல் இறங்குவார். ஈரச்சாக்கை ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டுத் திருகுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். துக்கவீட்டுக்கு வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு, "மொதலாளி, கொஞ்சம் ஆறட்டுங்க. இப்படியே ஏத்துனா இஞ்சின் தாங்காது" என்பார். முதலாளிக்குப் பெற்ற பிள்ளைகளுக்கு அடுத்தபடி அந்த இஞ்சின். சில நாள் பிள்ளைகளுக்கு முந்தியும். பதறி இறங்குவார். பின்னால் வேறு கார்களில் வரும் விருந்தாளிகளும் இறங்குவார்கள். டீ ஓடும், முறுக்கு ஓடும், வேகவைத்த கடலை ஓடும்.

கந்தம்மாளின் புருஷன் பழனிக்குக் காவடி எடுத்துப் போனவர். போய்ப் பல வருஷமாகிறது. இன்னும் இறக்கி வைக்கவில்லை போலும். தனியாகக் கடை போட்டு உட்கார்ந்திருந்த அவளுக்கு அந்தக் கார் நிற்கிற நாள்தான் நாள். "பாவம், பாக்க லச்சணமான வண்டி, உள்ளுக்குள்ள நெஞ்சுக்கோளாறு" என்று காருக்காகக் கற்பூரம்கூட ஏற்றியிருக்கிறாள். மலையேறி வந்த எந்த வண்டியின் மூடியைத் திறந்தாலும் ஆவி வரத்தான் செய்யும் என்பதும், குழந்தைவேல் வேண்டுமென்றே அங்கே நிறுத்துகிறார் என்பதும் அவளுக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

மற்றபடி குழந்தைவேலைப் புண்ணியவான் கணக்கில் சேர்க்க முடியாது. வடகவுஞ்சிக்காரர். மீசைக்குக் கொடுத்த கவனிப்பில் பாதியைக் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தால் குடும்பம் முன்னுக்கு வந்திருக்கும். எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிடுவதைத் தன் பரம்பரைக்கே வந்த இழுக்காக நினைப்பார். "அது பஸ்ஸு தங்கச்சி, ஆட்டுப்பட்டிக்குச் சக்கரம் வச்சது. இது சீமை வண்டி" என்பார் கந்தம்மாளிடம். சீமை வண்டியைத் துடைக்கச் சொன்னால் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அந்த வண்டியை ஒரு தோட்டத்துத் துரை முப்பத்து நாலாம் வருஷம் கப்பலில் கொண்டுவந்தார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மழைக்குப் பேர்போன மலையில் ஓட்டுவதற்கென்றே செய்தது போலிருக்கும். துரை ஊருக்குக் கிளம்பும்போது காரையும், அதோடு வந்த சாமானாகக் குழந்தைவேலையும் தண்டாயுதபாணிக்கு விட்டுப் போனார். தண்டாயுதபாணியின் அப்பாவுக்கு வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி. பிள்ளை மெட்ராஸில் காலேஜ் படித்துப் புகைக்குழாயோடு திரும்பியவர். வேகத்துக்கென்றே செய்த அந்தக் காரில், மலைப்பாதை முழுக்கக் குழந்தைவேலை ஓட்டவிட்டுப் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வருவார். கொடைக்கானல் ஏரிக்கரை வந்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். ஏரியைச் சுற்றி முதலாளி ஓட்டுவார். பார்த்தவர்கள், என்ன தைரியமான மனுஷன் என்பார்கள்.

இனி நம்பர் பிளேட் கதை.

யுத்தம் நடந்த காலம். ஒரு சாயங்காலம் பனி இறங்கியிருந்தது. துரை கிளப்பில் நிறைய தாகம் தீர்த்துக்கொண்டு, நானே ஓட்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். நாவல்மரத்து வளைவில் பாதை திரும்பியது, துரை திரும்பவில்லை. கார் விளிம்பைத் தாண்டி, முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, மரத்தின் வேரில் சிக்கி நின்றது. பக்கத்தில் இருந்த குழந்தைவேல் தொண்டை கிழியக் கத்தினார்: "வேலப்பா! காப்பாத்துப்பா! வண்டிக்கு உள்ளத உனக்கே வைக்கிறேன்!" துரை விழிக்கவே இல்லை. உயிர் பிழைத்த சங்கதி அவருக்கு மறுநாள் காலையில்தான் தெரியும்.

கண்ணுக்கு வேண்டிக்கொண்டால் வெள்ளியில் கண் செய்து போடுவோம். காலுக்குக் கால். மாட்டுக்கு மண்மாடு. காருக்கு என்ன போடுவது? வெள்ளியில் கார் செய்யக் குழந்தைவேலுக்கு எங்கே வசதி? காரை மேலே இழுத்த பிறகு பார்த்தால் முன் நம்பர் பிளேட்டைக் காணோம். பனியில் புதருக்குள் கையை விட்டுத் துழாவினார். தகரம் ஒன்று தட்டுப்பட்டது. வண்டிக்கு முகம் நம்பர் பிளேட்தானே? முகத்தையே வைத்துவிட்டோம் என்ற நிறைவோடு, மரத்தடியில் நட்டிருந்த வேலுக்குப் பக்கத்தில் அதைச் சாத்தி, கையோடு மஞ்சளைக் குழைத்து முழுக்கப் பூசிவிட்டார்.

அவ்வளவுதான். மறுவாரம் ஒரு லாரிக்காரர் குங்குமம் வைத்தார். அடுத்து ஒருவர் மாலை போட்டார். அப்புறம் கந்தம்மாள் கடை போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளுக்குமேல் சந்தனம், சந்தனத்துக்குமேல் மஞ்சள். கழுவினால் அருள் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்ததால் தண்ணீர் படவிட்டதில்லை. இருபது வருஷத்தில் பிளேட் அடை கனத்துக்கு வந்துவிட்டது. மலை ஏறுகிற எந்த வண்டியும் பிளேட்டு சாமிக்குக் கற்பூரம் காட்டாமல் போகாது. அதில் என்ன நம்பர் என்று ஒருவரும் பார்த்ததில்லை. சாமியை யார் வாசிக்கிறார்கள்? கும்பிடத்தானே செய்கிறோம்.

அறுபத்தொன்றாம் வருஷம் சீசனில் கொடைக்கானலில் பழைய கார்ப் போட்டி வைத்தார்கள். புதுக் கார் வாங்க முடிந்தவர்கள் மட்டும் பழைய காரைக் கொண்டுவரும் போட்டி. கார் பிறந்த வருஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஆணி மாறினாலும் குற்றம். தண்டாயுதபாணி தோற்றார். வண்டி கைக்கு வந்த புதிதில், பழைய பின்பிளேட்டைத் தாமே கழற்றி எறிந்துவிட்டு, வத்தலக்குண்டில் பஸ்ஸுக்குப் பெயர் எழுதுகிறவரிடம் முன்னும் பின்னும் புதிதாக எழுதி வாங்கியிருந்தார். அந்த மனுஷன் நம்பருக்கு இருபுறமும் தாமரை மொட்டு, கீழே 'முருகன் துணை' எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தார். மெட்ராஸிலிருந்து வந்த நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, "கார் முப்பத்து நாலில் பிறந்திருக்கிறது. பெயர் சூட்டு விழா போன வாரம்தான் நடந்ததோ?" என்றார். எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்த வேறொரு காருக்குக் கோப்பை போயிற்று. அது தானாக நகரவில்லையே தவிர, பிளேட் சரியாக இருந்ததாம்.

அன்றிலிருந்து முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷப் போட்டிக்காகச் சீமைக்கு எழுதிப் படம் வரவழைத்தார். பங்களாப் பலகைகளுக்கும் கல்லறைகளுக்கும் பெயர் எழுதும் பவுல்ராஜை அழைத்து, அதே மாதிரி கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒரு ஜோடி எழுதச் சொன்னார். பவுல்ராஜ் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். அதுதான் தப்பாகிவிட்டது. பழசாகத் தெரியவில்லையே! இரண்டையும் அடுப்புக்குமேல் கட்டிப் புகை போட்டார்கள். மழையில் தொங்கவிட்டார்கள். கடைசியில் சாணிக்குழியில் புதைத்தார்கள். பின்பிளேட் அழகாக முப்பது வயது முதிர்ந்து வெளியே வந்தது. முன்பிளேட்டைப் பசு மிதித்துக் குழியாக்கிவிட்டது.

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, குழந்தைவேல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "என்ன இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வருமா மொதலாளி? அதத்தான் நான் அன்னைக்கே வேலப்பருக்கு வச்சிட்டேன்ல" என்றார் பெருமையாக.

மறுநாள் கார் நாவல்மரத்து வளைவில் கொதிக்காமலே நின்றது. முதலாளி நேராக மரத்தடிக்குப் போனார்.

"என் வண்டி பிளேட்டுய்யா இது. கழட்டு."

"இருந்துச்சுங்க மொதலாளி. இப்ப சாமியுது."

"சாமிக்கு எதுக்கு நம்பர் பிளேட்டு? சாமி என்ன ரோட்டுலயா ஓடுது?"

"மயிலு இருக்குல்லங்க" என்றாள் கந்தம்மாள், டீயை ஆற்றிக்கொண்டே.

"மயிலுக்கு எவன் நம்பர் குடுத்தான்?"

"அதான் இல்லாம கெடந்துச்சு. அண்ணன் கொண்டாந்து வச்சாரு."

முதலாளி புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "இங்க பாரு வேலு. வர்ற ஞாயித்துக்கெழம போட்டி. அன்னைக்கு இந்தப் பிளேட்டு வண்டியில இல்லைன்னா, நீயும் வண்டியில இல்ல. பங்களாவுக்குப் பின்னால குடியிருக்கியே, அந்த வீட்டையும் காலி பண்ணிக்க" என்று சொல்லிவிட்டு, வந்திருந்த விருந்தாளியின் காரில் ஏறிப் போய்விட்டார்.

குழந்தைவேல் பெஞ்சில் உட்கார்ந்தார். மீசை முதல் தடவையாகக் கீழ்நோக்கி இருந்ததைக் கந்தம்மாள் பார்த்தாள். ஐம்பது வயசுக்கு மேல் புது முதலாளி தேடி எங்கே போவார்? வைத்ததைத் திரும்ப எடுத்தால் வேலப்பர் முகத்தில் எப்படி விழிப்பார்?

"குடுத்தத எடுக்கக் கூடாது தங்கச்சி. எடுத்தா நான் மனுசனில்ல."

"எடுக்க வேணாம்ணே" என்றாள் அவள். "சாமி தேர் ஏறி வீதி ஒலா போயிட்டு வரலையா? அப்ப யாராச்சும் சாமிய எடுத்துட்டாங்கன்னு சொல்றமா? இதும் ஒரு சுத்து போயிட்டு வரட்டும். வெளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்து வச்சிருங்க."

குழந்தைவேல் நிமிர்ந்தார். மீசையும் நிமிர்ந்தது. வேலுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்: ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் முன் பிளேட் இங்கே இருக்கும், நடுவில் ஒருவர் நகமும் அதன்மேல் படாது.

முதலாளி எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். கோப்பைக்காக அவர் அலகு குத்திக்கொள்ளக்கூடச் சம்மதித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பிளேட்டு சாமி காரின் மூக்கில் ஏறி, மாலை போட்டுக்கொண்டு, மேளத்தோடு ஏரிக்கரைக்கு எழுந்தருளியது. உருளைக்கிழங்கு ஏற்றப் போகும் லாரியில் கந்தம்மாளும் வளைவுக்காரர்கள் பத்துப் பேரும் தேங்காய்ப் பழத்தட்டோடு பின்தொடர்ந்தார்கள். லாரியை ஓட்டியவர் நாச்சிமுத்து. தொப்பி போட்ட கனவான்கள் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள்.

நடுவர் வந்தார். பின்பக்கம் குனிந்தார். "அருமை" என்றார். முதலாளி பூரித்துப் போனார். முன்பக்கம் வந்தார். மஞ்சளும் சந்தனமும் அடையாக அப்பியிருந்ததைப் பார்த்து, "இது என்ன?" என்று சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"தொடாதீங்க! சாமி குத்தமாயிரும்!" குழந்தைவேல் பாய்ந்து வருவதற்குள் நடுவர் அழுத்தி ஒரு துடைப்புத் துடைத்துவிட்டார். அடை பெயர்ந்து விழுந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு பிளேட்டு சாமி வாயைத் திறந்தது.

இருநூற்று எண்பத்து மூன்று.

நடுவர் எழுந்து பின்பக்கம் போனார். நானூற்றுப் பதினேழு. திரும்ப முன்பக்கம் வந்தார். இருநூற்று எண்பத்து மூன்று.

"மிஸ்டர் தண்டாயுதபாணி, முன்னால் ஒரு கார் வருகிறது. பின்னால் வேறு கார் போகிறது. இதில் எது உங்களுடையது?"

சிரிப்பு ஏரியின் அக்கரை வரை கேட்டது. அது போதாதென்று கூட்டத்திலிருந்து நாச்சிமுத்து குரல் கொடுத்தார்: "அட, இருநூத்தி எம்பத்தி மூணா! இது எங்க பழைய உருளைக்கெழங்கு லாரில்ல! யுத்தத்துக்கு முந்தி அதே வளைவுல உருண்டுச்சே! நாந்தான் அப்பக் கிளீனரு. குதிச்சு ஓடிட்டோம். கெழங்கெல்லாம் அடிவாரம் வரைக்கும் உருண்டு போச்சு!"

கந்தம்மாள் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமை விடாமல் மஞ்சள் பூசியது ஒரு கிழங்கு லாரிக்கா! அவளுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குழந்தைவேலின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அவர் துடைக்கப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளியின் முகம் காரின் நிறத்துக்கு வந்திருந்தது. பிளேட்டைத் தம் கையாலேயே பிடுங்கிக் குழந்தைவேலின் காலடியில் எறிந்தார்.

"ஏலே, இந்தத் தகரத்தத் தூக்கி ஏரியில வீசு. வீசிட்டு வண்டிய எடு. நடந்தத மறந்துர்றேன்."

தண்ணீர் பத்தடி தூரத்தில் இருந்தது. வீசினால் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. தகரமோ அவர்கள் வண்டியுடையதே இல்லை என்று ஊரே பார்த்துவிட்டது. வீசினால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? கந்தம்மாள் முருகா முருகா என்று நின்றாள். எதை வேண்டிக்கொள்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

குழந்தைவேல் குனிந்து பிளேட்டை எடுத்தார். தோளில் கிடந்த துண்டில் பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதுபோல் சுற்றினார். கார்ச் சாவியைச் சிவப்பு மூக்கின்மேல் வைத்தார்.

"பொழுது சாயுது மொதலாளி. நான் வெரசாப் போகணும்."

நாச்சிமுத்துவின் லாரியில் ஏறிக் கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸையே ஆட்டுப்பட்டி என்றவர் கிழங்கு லாரியில் மலை இறங்கியதை வளைவுக்காரர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

லாரி பெருமாள்மலையைத் தாண்டியது. கந்தம்மாள் மெதுவாக, "அண்ணே, அது நம்ம வண்டியுது இல்லையே" என்றாள்.

"ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நீயும் ஒருக்கச் சொல்லு."

"இல்ல, அப்ப உங்க நேத்திக்கடன்?"

"நான் நம்பரச் சொல்லியா வேண்டுனேன்? உசுரக் கேட்டேன், குடுத்தாரு. திருப்பிக் கொண்டாந்து வைக்கிறேன்னு கற்பூரத்த அடிச்சேன், வைக்கப் போறேன். கெழங்கு லாரியா சீமைக் காரான்னு பாக்க வேலப்பரு என்ன போட்டியா நடத்துறாரு?" சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே, "நாச்சிமுத்துதான் எறங்குனதுலருந்து சிரிச்சுக்கிட்டே ஓட்டுறான். அவன் லாரி சாமியாயிருச்சாம்" என்றார்.

விளக்கு வைக்கும் முன் பிளேட் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கந்தம்மாள் மஞ்சளைக் குழைத்து இருநூற்று எண்பத்து மூன்றை மூடினாள். இந்தச் சங்கதி பரவிய பிறகு லாரிக்காரர்களுக்குப் பக்தி இரண்டு மடங்காயிற்று. கார்க்காரர்கள் சாமி என்று நினைத்தது தங்கள் ஜாதி என்று தெரிந்துவிட்டதல்லவா! முதலாளி தம் பிளேட்டைத் தேடிக் கயிறு கட்டி ஆட்களைப் பள்ளத்தில் இறக்கினார். ஒரு பஸ்ஸின் ஊதல், ஒரு படிக்கட்டு, யார் யாருடையவோ மூன்று பிளேட்டுகள் கிடைத்தன. நானூற்றுப் பதினேழு கிடைக்கவில்லை. அது எந்த ஊரில் எந்தச் சாமியாக இருக்கிறதோ.

அந்த மாதமே குழந்தைவேல் வீட்டைக் காலி செய்தார். ஆடலூரில் மிளகும் காப்பியும் ஏற்றும் ஜீப்பு ஒன்றுக்கு டிரைவர் வேண்டுமென்று நாச்சிமுத்துதான் சொல்லிவிட்டிருந்தார். சாமான்களோடு பெண்டாட்டியை முதலில் அனுப்பிவிட்டு, ஒரு காலை வெள்ளனே தகரப்பெட்டியோடு நாவல்மரத்து வளைவில் கீழே போகும் பஸ்ஸுக்காக நின்றார். ஆம், பஸ்ஸுக்காக.

கந்தம்மாள் டீ கொடுத்தாள். வேலுக்கு முன்னால் இருந்த திருநீற்றை மடித்துக் கொடுத்தாள். "அந்தக் காரப் பாத்துக்க இனி ஆளில்லையேண்ணே. நெஞ்சுக்கோளாறு வண்டி. புதுசா வந்திருக்கிற பெரியகுளத்து டிரைவர் பையன் இங்க நிப்பாட்டி ஆறப்போடணும்னு தெரியாம நேரா ஏத்திட்டான்னா?" என்றாள்.

குழந்தைவேல் அவளைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. பஸ் வந்து நின்றது; கிளீனர் பெட்டியை வாங்கி மேலே போட்டார். அன்றைக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் திரும்பினார்.

"வண்டிக்கு ஒரு கோளாறும் கெடையாது தங்கச்சி. அந்தப் பயகிட்டயும் சொல்லி வச்சிட்டேன். இனியும் அது இங்கதான் கொதிக்கும்."